அரைப்பேர்

மலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து
மாதத்தில் இரண்டு நாள் எனக்கு அரைப்பேர்தான்.
பதினெட்டு கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்பது, பத்து.
பத்தாம் நம்பர் மலையின் செங்குத்தில்
இடுப்புக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவார்கள்.
தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
"என்னம்மா, வேடிக்கையா?" என்பார் கங்காணி.
"ஒரு புள்ள பெத்தா சரியாப்போகும்" என்பாள்
பக்கத்து நிரைக்காரி.

புள்ளதான் வரவில்லை.
ஆறு வருசம்.
கோயில் மரத்தில் மூன்று தொட்டில் கட்டினேன்,
மூன்றும் மழையில் நைந்தன.

கண்டிக் கிளினிக்கின் வாங்கில்
பெயர் கேட்கு முன்
"எத்தனை வருசம்?" என்றுதான் கேட்பார்கள்.
கம்பளை ரிஸானாவுக்கு முட்டை பழுக்காமலே
சின்னச் சின்ன மணியாய் நின்றுவிடுகிறதாம்.
ஐந்து நாள் குளிசை, அப்புறம் ஸ்கேன்,
பழுத்திருந்தால் ஊசி.
சந்திரலதாவுக்குக் கழுத்துச் சுரப்பி;
விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு வெள்ளைக் குளிசை,
அவ்வளவுதானா என்று நம்பாமல் சிரித்தாள்.
மூலையில் இருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவளுடைய ஃபைல்தான் எல்லோருடையதிலும் தடிப்பு.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார்.
மிஸ் அதில் பாதியைத் தமிழில் சொன்னார்.
மீதியை டொக்டர் கார்டின் பின்பக்கம் வரைந்தார்:
கொம்பு விரித்த ஆட்டுத்தலை.
உள்ளே இருக்க வேண்டிய சவ்வு
வெளியிலும் படர்ந்திருக்கிறது.
மாதாமாதம் அதுவும் கசிகிறது,
போக வழியில்லாமல் உறைந்து
இடக்கொம்பை ஒட்டிப் பிடித்திருக்கிறது.

"இவ்வளவு காலமும் இந்த வலியோடயா
மலை ஏறினீங்க?"
டொக்டர் சொல்லாமலே
மிஸ் இதைக் கேட்டார்.
எனக்கு வலி என்று ஒன்று இருந்ததை
அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.
இப்போது கார்டில் இருந்தது,
இங்கிலீஷில், கோணல் எழுத்தில்.

தவசீலன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.
"எனக்கும் சோதிக்கணுமாமே" என்றான் சுவரிடம்.
மூன்று வாரம் பேச்சில்லை.
பிறகு ஒருநாள் இருட்டோடு பஸ் ஏறினோம்.
ஆஸ்பத்திரிக்குக் கீழே, தெரிந்தவன் கடைக் கக்கூசிலிருந்து
சின்னப் போத்தலைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து
சூடு ஆறுவதற்குள் படியேறி ஓடினான்,
முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அடைகோழி மாதிரி.
நான் சிரிக்கவில்லை.
அவனிடம் குறையில்லை என்று கடிதம் வந்தது.
அதை லயத்தில் ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை.
இதைவிடப் பெரிதாக
எனக்கு எந்த நகையும் அவன் வாங்கித் தந்ததில்லை.

தொப்புளில் ஒரு துளை, கீழே இரண்டு.
ஒட்டியதைப் பிரித்தார்கள், படர்ந்ததைக் கரித்தார்கள்.
நீல மருந்து விட்டுப் பார்த்தார்களாம்:
வலப்பக்கம் வழிந்தது,
இடப்பக்கம் நின்றுவிட்டது.
"ஒரு பக்கம் போதும்" என்றார் மிஸ்,
"ஆறு மாசம் பாருங்க,
இல்லாட்டி வேற வழியிருக்கு."
அந்த வேற வழியின் விலையை
வெளியே ரிஸானா காதோடு சொன்னாள்.
எங்கள் இரண்டு பேரின் சேமலாப நிதியையும்
ஒன்றாகக் கொட்டினாலும் அடி நிறையாது.

நாலாம் மாதம் நாள் தள்ளியது.
ஒன்று. மூன்று. ஐந்து.
கலண்டரில் கோடு போடவே பயந்தேன்.
ஆறாம் நாள், அதே பத்தாம் நம்பர் மலை,
தேத்தண்ணி நேரம் தாண்டி,
படங்குக்குள் ஈரம்.

பழக்கத்தில் தூரைப் பிடித்துக்கொண்டேன்.
முறுக்கிப் பிழியட்டும் என்று நின்றேன்.
பனி மேலேறிப் போனது,
நிரை முன்னால் போனது,
வலி வரவில்லை.

என் ஆயுளில் முதல்தடவை
வெறும் ரத்தமாக அது வந்தது.
அழுதேன்.
எதற்கென்று கேட்டால்
இரண்டு பதில் இருந்தது,
இரண்டும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளின.
"தூசி" என்றேன் பக்கத்து நிரைக்காரியிடம்.
மழைக்காலத்தில் ஏது தூசி என்று
அவள் கேட்கவில்லை.

பிறகு கை தானாகப் போனது.
மாலைத் தராசில் பதினெட்டரை.
கணக்கப்பிள்ளை நிமிர்ந்தும் பாராமல்
முழுப்பேர் போட்டார்.